எட்டுக் கலை: கெப்லரும் பொன் விகிதமும்

பத்து வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி அடிமட்டத்துடன் எழுந்து நின்றாள். பொன் விகிதம் பற்றி நான் உற்சாகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம். நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டைக் குறுக்கே வெட்டிய ஒரு படத்தை எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தச் சுருள் பொன் விகிதப்படியே விரிகிறது, ஏதென்சின் பார்த்தினன் கோவிலும் அதே விகிதத்தில்தான் கட்டப்பட்டது, இது இயற்கை ஒளித்து வைத்த எண் என்றெல்லாம் சொன்னேன். இருபது வருடங்களாக ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவந்த பாடம் அது.

அவள் படத்தை அளந்து பார்த்திருந்தாள். பொன் விகிதச் சுருள் என்றால் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 1.618 மடங்கு விரிய வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு அது ஏறத்தாழ 6.85 மடங்காகும். அவளுக்குக் கிடைத்தது மூன்று மடங்குதான். தான் அளந்தது பிழையோ என்று கேட்டாள். படம் சரியாகப் பிரதியாகவில்லை என்று நான் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து வேறு படங்களை எடுத்து நானே அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி. மற்றக் கதைகளையும் அதன் பிறகே தேடிப் படித்தேன். பார்த்தினனைக் கட்டியவர்கள் இந்த விகிதத்தைப் பயன்படுத்தியதற்கு எந்தச் சான்றும் இல்லை. எந்தப் படியிலிருந்து எந்த விளிம்புவரை அளப்பது என்பதைக் கொஞ்சம் மாற்றினால் நமக்கு வேண்டிய விகிதம் தானாக வந்துவிடும். இயற்கையிலும் கலையிலும் எங்கும் பொன் விகிதம் என்ற நம்பிக்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அடோல்ஃப் சைசிங் என்ற ஜேர்மானியர். அவருடைய நூல் வந்தது 1854 இல். அதாவது, பழைய கிரேக்க ஞானம் என்று நான் படிப்பித்ததில் பெரும்பகுதிக்கு வயது இருநூறுகூட இல்லை.

அந்த நாட்களில்தான் ஜோகான்னஸ் கெப்லரின் வாழ்க்கையைத் திரும்பவும் வாசித்தேன். கோள்களின் மூன்று விதிகளைத் தந்தவர் என்றே அவரை நமக்குத் தெரியும். இந்த விகிதத்தின் மீது அவரளவுக்குக் காதல் கொண்டிருந்த பெரிய விஞ்ஞானி வேறு எவரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தான் கட்டிய அழகான கோட்டையின் மீது அடிமட்டத்தை வைத்துப் பார்த்தவரும் அவர்தான்.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம், அது கடினமானதல்ல. ஒரு கோட்டை இரண்டு துண்டாக வெட்டுகிறோம். முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமும், பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி வெட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பெரியதைச் சிறியதால் வகுத்து வருவதை x என்று வைத்தால் x² = x + 1 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் நேர்த்தீர்வு, 5 இன் வர்க்கமூலத்துடன் 1 ஐக் கூட்டி 2 ஆல் வகுத்தது: 1.6180339887... என்று முடிவில்லாமல் போகும். இந்த எண்ணுடன் 1 ஐக் கூட்டினால் அதன் வர்க்கம், 2.618. ஒன்றைக் கழித்தால் அதன் தலைகீழ், 0.618. தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றிலும் அதே இலக்கங்கள்.

யூக்கிளிட் இதைத் தன் நூலின் ஆறாம் புத்தகத்தில் வரையறுக்கிறார். அவருக்கு இது பொன்னும் இல்லை, தெய்வீகமும் இல்லை. ஓரத்துக்கும் நடுவுக்குமான ஒரு விகிதம், அவ்வளவுதான். ஒழுங்கான ஐங்கோணி வரைவதற்கு அது தேவைப்பட்டது. ஐங்கோணியின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப்போல 1.618 மடங்கு. தெய்வீக விகிதம் என்று பெயர் சூட்டி 1509 இல் வெனிசில் நூல் வெளியிட்டவர் லூக்கா பச்சியோலி என்ற துறவி. அந்த நூலுக்குத் திண்மங்களின் படங்களை வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டாவின்சி. பொன் என்ற அடைமொழி 19 ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் வந்தது. கெப்லர் அறிந்திருந்த பெயர் தெய்வீக விகிதம்.

அவர் 1571 டிசம்பர் 27 அன்று தென் ஜேர்மனியின் வைல் டேர் ஸ்ராட் என்ற சிறு நகரில் பிறந்தார். பாட்டனார் ஒரு காலத்தில் அந்த நகரின் தலைவராக இருந்தவர். தகப்பன் கூலிக்குப் போருக்குப் போகும் சிப்பாய். போவார், வருவார், மகன் வாலிபனாகும் வயதில் ஒருமுறை போனவர் திரும்பவே இல்லை. தாய் கதரீனா சத்திரக்காரர் ஒருவரின் மகள். மூலிகை மருந்து தெரிந்தவர், கொஞ்சம் கடுமையான வாய். சிறுவனுக்குச் சின்னம்மை வந்து கண்பார்வையும் கைகளும் பாதிக்கப்பட்டன. வாழ்நாள் முழுவதும் வானத்தைப் பற்றி எழுதியவருக்கு வானம் தெளிவாகத் தெரிந்ததே இல்லை. ஆனாலும் 1577 இல் பெரிய வால்வெள்ளி ஒன்று தோன்றியபோது, ஆறு வயதை எட்டாத பிள்ளையை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டியவர் அந்தத் தாய்தான். கதரீனாவை மறந்துவிட வேண்டாம். இந்தக் கதையில் அவர் திரும்பவும் வருவார்.

டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குக் கெப்லர் போனது மதகுருவாக வருவதற்கு. அங்கே மைக்கல் மேஸ்ட்லின் என்ற ஆசிரியர் கிடைத்தார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோப்பர்னிக்கசின் கருத்தை மாணவர்களுக்கு விளக்கியவர் அவர். படிப்பு முடியும் முன்னரே, 1594 இல், ஒஸ்ரியாவின் கிராஸ் நகரப் பாடசாலை ஒன்றுக்குக் கணித ஆசிரியராகக் கெப்லரை அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் வகுப்பில் சில பேர்தான். இரண்டாம் வருடம் ஒருவரும் இல்லை. சம்பளத்துக்கு ஈடாக அவருக்கு வேறு பாடங்களும் கொடுத்தார்கள். வருடாவருடம் பஞ்சாங்கம் கணிப்பதும் அவர் வேலை. கடும் குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்று முதல் பஞ்சாங்கத்தில் எழுதினார், இரண்டும் வந்தன. கணிதத்தால் கிடைக்காத பெயர் பஞ்சாங்கத்தால் கிடைத்தது.

1595 ஜூலை 19. கெப்லர் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, வியாழனும் சனியும் இருபது வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றுசேரும் இடங்களை அதில் குறித்துக்கொண்டிருந்தார். புள்ளிகளை இணைத்தபோது முக்கோணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று, நடுவில் ஒரு சிறிய வட்டம் தானாகத் தோன்றியது. பெரிய வட்டத்துக்கும் சிறிய வட்டத்துக்கும் உள்ள விகிதம் சனி, வியாழன் பாதைகளின் விகிதத்துக்கு நெருக்கமாக இருந்தது. கோள்களின் தூரங்களைத் தீர்மானிப்பது வடிவியல்தான் என்ற எண்ணம் அந்தக் கணத்தில் அவரைப் பிடித்தது. தட்டையான உருவங்களை முயன்றார், பொருந்தவில்லை. பிறகு திண்மங்களுக்குப் போனார்.

எல்லா முகங்களும் ஒரே மாதிரியான ஒழுங்கான திண்மங்கள் ஐந்தே ஐந்து உண்டு: சதுரமுகி, நான்முகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஆறாவது ஒன்று இருக்கவே முடியாது என்பதை யூக்கிளிட் நிறுவியிருக்கிறார். அன்று தெரிந்த கோள்கள் ஆறு. ஆறு கோள்களுக்கு இடையே இடைவெளிகள் ஐந்து. இடைவெளிக்கு ஒன்றாக ஐந்து திண்மங்கள்! கோள்கள் ஏன் ஆறு என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிட்டது என்று அந்த 23 வயது ஆசிரியர் நம்பினார். சனிக்கும் வியாழனுக்கும் இடையில் சதுரமுகி. வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையில் நான்முகி. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையில் பன்னிருமுகி, பூமிக்கும் வெள்ளிக்கும் இடையில் இருபதுமுகி. கடைசியாக வெள்ளிக்கும் புதனுக்கும் இடையில் எண்முகி.

பூமியின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். பன்னிருமுகியின் முகங்கள் பன்னிரண்டும் ஐங்கோணிகள். ஐங்கோணி இருக்கும் இடத்தில் பொன் விகிதம் இருக்கும். இருபதுமுகிக்குள் பொன் விகிதத்தில் அமைந்த மூன்று செவ்வகங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் செருகினால், அவற்றின் பன்னிரண்டு மூலைகளும் திண்மத்தின் பன்னிரண்டு உச்சிகளில் போய் நிற்கும். அவருடைய பிரபஞ்சத்தில் மனிதர் வாழும் கோளை இரு புறமும் காவல் செய்தது அந்தத் தெய்வீக விகிதம். இதைவிட அழகான ஒரு படத்தை நினைத்துப் பார்ப்பது கடினம்.

பிரபஞ்சத்தின் மர்மம் என்று சொல்லக்கூடிய தலைப்புடன் 1596 இல் அந்தப் புத்தகம் உருவானது. அச்சு வேலையை டியூபிங்கனில் பார்த்துக்கொண்டவர் மேஸ்ட்லின். வடிவியலின் இரண்டு பெரும் செல்வங்கள் பைதகரஸ் தேற்றமும் இந்த விகிதமும் என்று கெப்லர் அதில் கருதுகிறார். முதலாவதைப் பொன்னுக்கும் இரண்டாவதை ஆபரணக் கல்லுக்கும் ஒப்பிடுகிறார். ஆக, நாம் பொன் விகிதம் என்பது அவருக்குப் பொன் அல்ல, மணி.

இரண்டு செல்வங்களையும் ஒரே முக்கோணியில் சேர்த்தும் பார்த்தார். 1597 இல் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. பக்கங்கள் 1, 1.272, 1.618 உள்ள செங்கோண முக்கோணி, 1.272 என்பது பொன் விகிதத்தின் வர்க்கமூலம். பக்கங்களை வர்க்கித்தால் 1, 1.618, 2.618. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது. பைதகரஸ் தேற்றமும் x² = x + 1 என்ற சமன்பாடும் இங்கே ஒரே வசனமாகிவிடுகின்றன. அதே 1597 இல் மேஸ்ட்லின் தன் பழைய மாணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஓர் அலகு நீளக் கோட்டில் பெரிய துண்டின் நீளம் ஏறத்தாழ 0.6180340 என்று கணித்துக் கொடுத்தார். இந்த எண்ணைத் தசமத்தில் எழுதியதற்கு நமக்குத் தெரிந்த முதல் சான்று அதுதான். ஏழு இடங்கள்வரை சரி. வானத்துக்கும் வகுப்பறைக்கும் இடையில் ஒரு ஆசிரியரும் மாணவரும் நடத்திய அந்தக் கடிதப் போக்குவரத்தை நினைக்கும்போது, என் வகுப்பில் அடிமட்டத்துடன் நின்ற பிள்ளைக்கு நான் கொடுத்த பதில் இன்னும் உறுத்துகிறது.

கிராஸ் வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. விதவையான பார்பராவை மணந்தார்; முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. நகரை ஆண்டவர்கள் கத்தோலிக்கர், கெப்லர் லூதரன். மதம் மாறாதவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாற மறுத்தார். 1600 இல் குடும்பத்துடன் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

போன இடம் பிராக். டைக்கோ பிராஹே அங்கே இருந்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணாலும் பெரிய கருவிகளாலும் வானத்தை அளந்தவர்களில் டைக்கோவுக்கு நிகர் எவரும் இல்லை. கெப்லருக்கு அவரிடம் வேண்டியிருந்தது ஒன்றுதான்: தன் ஐந்து திண்மங்கள் சரி என்று நிறுவுவதற்கு நம்பகமான அளவுகள். டைக்கோ அவற்றை இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. செவ்வாய்க் கோளின் கணக்கை ஒப்படைத்தார். 1601 ஒக்டோபரில் டைக்கோ திடீரென இறந்தார். பேரரசர் இரண்டாம் ருடோல்பின் கணிதவியலாளர் பதவி கெப்லருக்கு வந்தது. அளவுகளும் அவர் கைக்கு வந்தன.

செவ்வாயின் பாதை ஒரு வட்டம் என்று எடுத்துக்கொண்டுதான் அவரும் தொடங்கினார். இரண்டாயிரம் வருடமாக எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கல்குலேற்றர் இல்லை, மடக்கை அட்டவணையும் இன்னும் வரவில்லை. ஒரே கணக்கை எழுபது தடவையாவது கையால் திரும்பச் செய்தார். கடைசியில், வட்டத்தின்படி செவ்வாய் இருக்க வேண்டிய இடத்துக்கும் டைக்கோ கண்ட இடத்துக்கும் உள்ள அதிகபட்ச வித்தியாசத்தை எட்டுக் கலைக்குக் கொண்டுவந்தார்.

ஒரு பாகையில் அறுபது கலை. பூரண சந்திரனின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை. எட்டுக் கலை என்றால் சந்திரனின் அகலத்தில் கால்வாசி. தொலமியும் கோப்பர்னிக்கசும் பத்துக் கலை பிழையைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். அளவு பிழை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். அளந்தவரும் உயிரோடு இல்லை. படம் சரியாகப் பிரதியாகவில்லை என்று நான் சொன்னேனே, அதைப்போல.

டைக்கோவின் அளவில் எட்டுக் கலை பிழை வராது என்று கெப்லருக்குத் தெரியும். வருடக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டார். முட்டை வடிவம் ஒன்றை முயன்று, பிழைவிட்டு, பிழையைப் பிழையால் வெட்டி, 1605 இல் நீள்வளையத்துக்கு வந்து சேர்ந்தார். 1609 இல் வெளியான அவருடைய புதிய வானியல் என்ற நூலில் அந்தப் பிழைகளும் வரிசையாக இருக்கின்றன. வாசிப்பவர் களைத்துப்போவார், ஆனால் எதுவும் மறைக்கப்படவில்லை. கோள்கள் நீள்வளையத்தில் ஓடுகின்றன, ஒரு குவியத்தில் சூரியன் இருக்கிறது என்ற விதி இப்படித்தான் கிடைத்தது. கடவுள் வட்டத்தைத்தான் விரும்புவார் என்ற நம்பிக்கை அத்துடன் போயிற்று.

பிராக் நகரத்தின் பனிக்காலம் ஒன்றில் இன்னொரு சம்பவம். சார்ல்ஸ் பாலத்தைக் கடந்துபோகும்போது அவருடைய மேலங்கியில் பனித்துகள்கள் விழுந்தன. புதுவருடத்துக்கு நண்பரும் புரவலருமான ஒருவருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத நேரம். பனித்துகள் ஏன் எப்போதும் ஆறு மூலையுடன் இருக்கிறது, ஐந்தும் ஏழும் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு சிறு நூலை எழுதிப் பரிசாகக் கொடுத்தார். 1611 இல் அது அச்சானது. கேள்விக்கு விடை காண முடியவில்லை என்று ஒத்துக்கொண்டே அதை முடிக்கிறார். பீரங்கிக் குண்டுகளை எப்படி அடுக்கினால் குறைந்த இடம் பிடிக்கும் என்ற ஊகமும் அதில்தான் வருகிறது. அதை நிறுவக் கணிதவியலாளருக்கு ஏறத்தாழ நானூறு வருடங்கள் பிடித்தன.

நமக்கு வேண்டிய இடம் அதிலே வேறொன்று. ஆறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பூக்களில் ஏன் ஐந்து இதழ் என்று திரும்புகிறார். ஐந்திலிருந்து ஐங்கோணி, ஐங்கோணியிலிருந்து தெய்வீக விகிதம். 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற வரிசையில் எந்த எண்ணும் அதற்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. முன்னேறப் போகப்போக, அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதம் தெய்வீக விகிதத்தை நெருங்குகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டுகிறார். தன்னிலிருந்து தன்னையே பெருக்கும் இந்த இயல்பு உயிர்கள் இனம்பெருக்கும் வல்லமையை அவருக்கு நினைவூட்டியது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். கைத்தொலைபேசியில் 1 ஐ வைத்து, அதன் தலைகீழை எடுத்து 1 ஐக் கூட்டுங்கள். வந்ததற்கும் அதையே செய்யுங்கள். 2, 1.5, 1.667, 1.6, 1.625, 1.615 என்று கூடியும் குறைந்தும் ஊசலாடி 1.618 க்குப் போகும். இந்த எண்கள் 2/1, 3/2, 5/3, 8/5, 13/8, 21/13. ஐந்தையும் பதின்மூன்றையும் பெருக்கினால் 65, நடுவில் உள்ள எட்டின் வர்க்கம் 64. எட்டையும் இருபத்தொன்றையும் பெருக்கினால் 168, பதின்மூன்றின் வர்க்கம் 169. எங்கே வெட்டினாலும் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். சரியாக ஒருபோதும் பொருந்தாது. கெப்லர் கண்டதற்கு நிறுவல் கொடுத்தவர் ரொபர்ட் சிம்சன், 1753 இல்.

அந்தச் சிறிய, சிரிப்பு நிறைந்த நூல் வெளியான அதே 1611 இல் அவருடைய ஆறு வயது மகன் அம்மை நோயில் இறந்தான். சில மாதங்களில் பார்பராவும் போனார். பேரரசர் முடியிழந்தார், பிராக்கில் படைகள் புகுந்தன. கெப்லர் மிஞ்சிய இரண்டு பிள்ளைகளுடன் லின்ஸ் நகருக்குப் போய், அங்கே சூசன்னாவை மணந்து, திரும்பவும் ஆசிரியர் வேலை பார்த்தார்.

1615 இல் ஊரிலிருந்து செய்தி வந்தது. தாய் கதரீனாவைச் சூனியக்காரி என்று அயலவர் ஒருத்தி குற்றஞ்சாட்டியிருந்தார். கதரீனா கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் தனக்கு நோய் வந்தது என்பது கதை. ஊரில் ஆளுக்கொரு பழைய சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவருடைய கால் முடமானது, இன்னொருவருடைய மாடு நோயுற்றது, எல்லாமே அந்தக் கிழவியால்தான். 1620 ஓகஸ்டில் எழுபது வயது தாண்டிய தாயைக் கைதுசெய்து சங்கிலியில் கட்டினார்கள். கெப்லர் லின்சில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, சாட்சிகளின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நோய்க்கு எந்த இயல்பான காரணம் உண்டு, யார் சொன்னது எந்த இடத்தில் முரண்படுகிறது என்று எழுத்தில் பதில் கொடுத்தார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டிக் கதரீனாவைப் பயமுறுத்தினார்கள்; அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு மாதங்களின் பின், 1621 ஒக்டோபரில் விடுதலை. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.

அதே 1621 இல் கெப்லர் தன் முதல் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். இருபத்தைந்து வயதில் எழுதியதை ஐம்பது வயதில் திரும்ப அச்சிடும்போது என்ன செய்வார்கள்? பிழையானதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். அவர் மூலத்தில் கைவைக்கவில்லை. வாலிபத்தில் எழுதியதை அப்படியே விட்டு, அத்தியாயங்களுக்குக் குறிப்புகள் சேர்த்தார்: இது பிழை, இங்கே அவசரப்பட்டேன், இது பிறகு நான் கண்டதற்கு வித்தாக இருந்தது என்ற விதமான குறிப்புகள்.

இந்த இடத்தில் அவரை முழு உத்தமராக்கிவிடவும் கூடாது. ஐந்து திண்மங்களின் கனவை அவர் கடைசிவரை முற்றாகக் கைவிடவில்லை. தூரங்களைத் திண்மங்கள் ஏறத்தாழ மட்டுமே தருகின்றன, மிச்சத்தை இசையின் ஒத்திசைவுகள் தீர்மானிக்கின்றன என்று 1619 இல் வந்த உலகின் ஒத்திசைவு நூலில் ஒரு சமரசத்துக்கு வந்தார். அந்தச் சமரசமும் பிழைதான். ஆனால் அந்தத் தேடலின் நடுவில்தான், 1618 மே மாதத்தில், அவருடைய மூன்றாவது விதி கிடைத்தது: கோள் சுற்றும் காலத்தின் வர்க்கம் சராசரித் தூரத்தின் கனத்துடன் விகிதமாகும். அது இன்றும் நிற்கிறது. யுரேனஸ் 1781 இல் கண்டுபிடிக்கப்பட்டபோது கோள் ஏழாயிற்று, ஐந்து திண்மங்களின் கணக்கு அத்துடன் சரிந்தது. மூன்றாவது விதியை யுரேனசும் மீறவில்லை.

வானத்தில் இடம் கிடைக்காத அந்த விகிதத்துக்கு அதே ஒத்திசைவு நூலில் கெப்லர் அறியாமலே வேறோர் இடம் ஒதுக்கியிருந்தார். தளத்தை இடைவெளி இல்லாமல் நிரப்பும் ஓடுகளை அதில் ஆராய்கிறார். முக்கோணியாலும் சதுரத்தாலும் அறுகோணியாலும் நிரப்பலாம், ஐங்கோணியால் மட்டும் முடியாது. ஆனாலும் விடவில்லை, ஐங்கோணிகளும் நட்சத்திரங்களும் பதின்கோணிகளும் கலந்த ஒரு விசித்திரமான கோலத்தை வரைந்தார். நட்சத்திர முகங்கள் கொண்ட இரண்டு புதிய ஒழுங்குத் திண்மங்களையும் விவரித்தார். 1974 இல் ரோஜர் பென்றோஸ் ஒருபோதும் ஒழுங்காகத் திரும்பாத ஐந்தின் சமச்சீர் ஓடுகளை அமைத்தபோது, அவற்றில் இரண்டு வகை ஓடுகளின் எண்ணிக்கை விகிதம் பொன் விகிதமாகவே அமைந்தது. பளிங்குகளில் ஐந்தின் சமச்சீர் இருக்கவே முடியாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1982 இல், டான் ஷெக்ட்மன் ஓர் அலுமினியக் கலப்புலோகத்தில் அதைக் கண்டார். பல வருடங்கள் அவரை நம்பாதவர்கள் நிறையப் பேர். 2011 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

கணிதத்தில் இந்த எண்ணின் உண்மையான பெறுமதி இன்னும் ஓர் இடத்தில் இருக்கிறது. விகிதமுறா எண்களைப் பின்னங்களால் நெருங்கலாம். பை என்ற எண்ணை 22/7 நன்றாக நெருங்கிவிடும். பொன் விகிதத்துக்கு அப்படியொரு பின்னம் அகப்படாது. பின்னங்களுக்கு மிகக் கடினமாக வசப்படும் எண் அதுவே என்பதை 1891 இல் அடோல்ஃப் ஹர்விற்ஸ் நிறுவிய தேற்றம் காட்டுகிறது. சூரியகாந்தியில் அடுத்தடுத்த விதைகளுக்கு இடையே 137.5 பாகை கோணம் வருவது இதனால்தான்: எந்த எளிய பின்னத்துக்கும் அகப்படாத கோணத்தில் திரும்பினால் ஒரு விதை இன்னொன்றின் நேர்ப்பின்னால் வந்து நெரிபடாது. இயற்கையில் பொன் விகிதம் உண்டு. அது இருக்கும் இடத்தில் இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. நாட்டிலஸ் ஓட்டில் இல்லை.

1630 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அரசாங்கம் தரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்பதற்காகக் குதிரையில் ரேகன்ஸ்பேர்க் நகருக்குப் போனார் கெப்லர். அங்கே காய்ச்சல் கண்டு நவம்பர் 15 அன்று இறந்தார். வயது 58. பாக்கி கிடைக்கவில்லை. சில வருடங்களில் அங்கே நடந்த போரில் அவரைப் புதைத்த இடுகாடும் அழிந்துபோயிற்று.

நான் இப்போது வகுப்பெடுப்பதில்லை. ஆனால் என் பழைய பாடக் குறிப்புக் கொப்பி இன்னும் இருக்கிறது. நாட்டிலஸ் படம் ஒட்டிய பக்கத்தை முதலில் கிழித்துவிட நினைத்தேன். கிழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவைத்திருக்கிறேன்: முழுச் சுற்றுக்கு மூன்று மடங்கு, அளந்தவர் ஒரு மாணவி, நான் சொன்ன பதில் பிழை.